தலையிடிக்கு ஊசியா?

சில மாதங்களுக்கு முன் எங்கள் தம்பிலுவில் கிராமத்திலே ஆசிரியர் சிலர் கூடியிருந்த ஒரு மாலைப்பொழுதில் நண்பரொருவர் என்னை நோக்கிக் கேட்டார்:

"என்ன ரீச்சர், தலையிடிக்கு ஊசி போடக் கொழும்புக்குப் போய் வந்தீங்களாம்! அது சீமாட்டிமார் முகச்சுருக்கத்துக்குப் போடுற ஊசிதானே? இங்க சனம் பரசிற்றமோல் வாங்கவே வழியில்லாமக் கிடக்கு. நீங்க சொகுசு வைத்தியம் கதைக்கிறீங்க."

கூடியிருந்தோர் சிரித்தனர். நானும் சிரித்து வைத்தேன். வீடு வந்து சேர்ந்த பின்னர்தான், சிரித்திருக்கக் கூடாது என்று பட்டது.

நண்பர் பிற்போக்காளர் அல்லர். சம்பள முரண்பாட்டை நீக்கக் கோரி 2021ஆம் ஆண்டிலே நாடெங்கும் ஆசிரியர்கள் நடத்திய போராட்டத்தில் முன்வரிசையில் நின்றவர். அத்தகையவர் வாயிலிருந்து இச்சொற்கள் வந்தமையாலேயே இவற்றுக்கு விடை கூறுவது கடமையாகின்றது. எதிரியின் ஏளனத்தை நாம் பொருட்படுத்தாது விடலாம். தோழரின் தவறான கருத்தை அவ்வாறு விட முடியாது.

அவருடைய கேள்வியிலே மூன்று கருத்துக்கள் அடங்கியுள்ளன. தலையிடி ஒரு சில்லறை வருத்தம் என்பது ஒன்று. அதற்கு வைத்தியம் தேடுவது வசதி படைத்தோரின் சொகுசு என்பது இரண்டு. கம்பனிகள் கொள்ளை இலாபம் அடிக்கும் மருந்து மெய்யான மருந்தாக இருக்க முடியாது என்பது மூன்று. மூன்றையும் முறையே ஆராய்வோம்.

ஒற்றைத் தலையிடி என்பது வெயிலில் அலைந்து வந்தவனுக்கு மாலையில் தோன்றி மறையும் தலைப்பாரமன்று. அது நரம்பு மண்டலத்தின் நோய். தலையின் ஒரு பக்கத்திலே நாடி துடிப்பதுபோல இடி தொடங்கும். சிலருக்கு இரு பக்கமும் பரவும். குமட்டலும் வாந்தியும் சேர்ந்துகொள்ளும். வெளிச்சம் பகையாகும், ஓசை பகையாகும், அடுப்பிலே தாளிக்கும் மணங்கூடப் பகையாகும். வைத்தியஞ் செய்யாவிடின் ஒரு தாக்கம் 4 மணித்தியாலம் முதல் 72 மணித்தியாலம் வரை நீடிக்கும். மாதத்தில் 15 நாளோ அதற்கு மேலோ தலையிடி இருந்து, அவற்றுள் 8 நாளாவது ஒற்றைத் தலையிடியின் குணங்களைக் கொண்டிருந்து, இந்நிலை மூன்று மாதத்துக்கு மேல் தொடருமாயின் அதனை நாட்பட்ட ஒற்றைத் தலையிடி என்று மருத்துவர் வகுத்துள்ளனர். மாதத்திலே பாதி நாட்களை ஒரு மனிதப் பிறவியிடமிருந்து பறித்துக்கொள்ளும் நோயைச் சில்லறை வருத்தம் என்று கூறுவது எந்த நியாயம்?

உலகிலே 100 கோடிக்கும் அதிகமானோர் ஒற்றைத் தலையிடியால் வருந்துகின்றனர். மனிதரை முடக்கிப் போடும் நோய்களின் வரிசையிலே அது இரண்டாம் இடத்தைப் பெறுகிறது என்பதும், இளம் பெண்களிடையே முதலிடத்தையே பெறுகிறது என்பதும் 2019ஆம் ஆண்டின் உலக நோய்ச்சுமைக் கணக்கிலிருந்து தெரியவந்த உண்மைகள். ஆண்களைவிடப் பெண்களே ஏறத்தாழ மூன்று மடங்கு பாதிக்கப்படுகின்றனர். உழைக்கும் வயதிலேதான் இந்நோய் உச்சம் அடைகிறது என்பதையும் மறத்தலாகாது.

இனி இரண்டாவது கருத்து. உண்மையிலே இது யாருடைய நோய்? பசி, தூக்கமின்மை, கடும் வெளிச்சம், ஓயாத மன உளைச்சல் ஆகியன இத்தாக்கத்தைத் தூண்டிவிடும் என்பது நோயாளர் அனைவரும் அனுபவத்தில் அறிந்தது, மருத்துவர்களும் ஒப்புக்கொள்வது. இந்நான்கும் நம் சமுதாயத்திலே யாருக்குப் பங்கிட்டு வைக்கப்பட்டிருக்கின்றன என்று நண்பர் சிந்தித்துப் பார்க்கட்டும். காலையில் வெறும் தேநீருடன் வயலுக்குப் போய் நண்பகல் வெயிலிலே குனிந்து நிற்கும் பெண்ணுக்கா, குளிரூட்டிய அறையிலே திரையை இழுத்துவிட்டுப் படுக்கக்கூடிய சீமாட்டிக்கா? மருதமுனையிலே தறியின் ஓசை நடுவே நாள்முழுதும் இருப்பவள், ஆடைத் தொழிற்சாலையிலே மின்விளக்கின் கீழ் தையல் இயந்திரத்தை விட்டு எழ முடியாதவள், வளைகுடா நாடொன்றிலே அந்நியர் வீட்டில் விடியற்காலை தொடங்கி நள்ளிரவுவரை வேலைசெய்து பிள்ளைகளுக்குக் காசு அனுப்புகிறவள் - இவர்களுக்குத் தலையிடி வராது என்று எந்த மருத்துவ நூல் கூறுகிறது? தமிழ்ப் பெண், முஸ்லிம் பெண் என்ற பேதத்தையும் இந்நோய் பார்ப்பதில்லை.

எனக்கு அரசாங்க உத்தியோகம். தலை இடிக்கும் நாளிலே சுகயீன விடுமுறைக் கடிதம் எழுதி அனுப்பலாம். அம்மாதச் சம்பளம் குறையாது. நாட்கூலிப் பெண்ணுக்கு அந்த உரிமை கிடையாது. அவள் ஒரு நாள் படுத்தால் ஒரு நாள் கூலி போயிற்று. ஆகவே அவள் படுப்பதில்லை. வாந்தி எடுத்துவிட்டு வந்து மீண்டும் குனிகிறாள். ஏழையிடம் இந்நோயைப் பற்றிய முறைப்பாடு கேட்கவில்லையென்றால், நோய் இல்லை என்பதல்ல, முறைப்பாடு செய்ய அவளுக்கு நேரமில்லை என்பதே காரணம். அவளுடைய மௌனத்தைக் காட்டி, இது பணக்கார வருத்தம் என்று தீர்ப்புக் கூறுவது முற்போக்கு ஆகுமா?

இன்னொன்றையும் ஒளிவின்றிக் கூறவேண்டும். இந்நோயை நாம் ஏளனஞ் செய்வதற்கு அது பெண்களின் நோயாக இருப்பதும் ஒரு காரணம். கதிர்ப்படத்திலே தெரியாது, இரத்தப் பரிசோதனையிலே அகப்படாது. கண்ணுக்குத் தெரியாத நோவைப் பெண்ணொருத்தி எடுத்துச் சொன்னால் "சாட்டு" என்கிறோம், வேலைக்கள்ளி என்கிறோம், பார்வை பார்த்து நூல் கட்டிவிடுகிறோம். எங்கள் ஊரிலே கண்ணகி அம்மன் கோயில் உண்டு. வைகாசி மாதத்திலே குளிர்த்தி நடைபெறும்போது ஊர் முழுவதும் அங்கே திரண்டு நிற்கும். அநீதியினால் எரிந்த ஒரு பெண்ணின் வெம்மையை ஆற்றுவதற்கென்றே நூற்றாண்டுகளாக ஒரு சடங்கைப் பேணிவரும் மக்கள் நாம். கோயிலிலிருந்து திரும்பி வந்து, இருட்டறையிலே ஈரத்துணியைத் தலையிற் கட்டிக்கொண்டு கிடக்கும் மனைவியைப் பார்த்து, "இன்றைக்கும் தொடங்கிவிட்டதா?" என்று சலித்துக்கொள்கிறோம். நம்முடைய இந்த முரண்பாட்டுக்குக் கம்பனிகளைக் குறைகூற முடியாது.

மூன்றாவது கருத்துக்கு வருமுன் ஊசிகளைப் பற்றிச் சிறிது பேசவேண்டும். ஏனெனில் நம் நாட்டிலே தலையிடிக்கு இரண்டு வகை ஊசிகள் உள்ளன. ஒன்று ஏழையின் ஊசி. மற்றது பணமுடையோரின் ஊசி.

ஏழையின் ஊசியை நாம் யாவரும் அறிவோம். "ஊசி போடாத டொக்டரும் ஒரு டொக்டரா?" என்பது நம் சனங்களின் வாய்மொழி. தலையைப் பிடித்துக்கொண்டு தனியார் டிஸ்பென்சரிக்குப் போனால் வலிநிவாரண ஊசியொன்று போடப்படும். கடதாசி உறையிலே பெயரெழுதாத மாத்திரைகள் தரப்படும். வாந்தி மிகுந்து மாத்திரை தங்காத வேளையிலே ஊசி தேவைப்படலாம்; அதை மறுப்பதற்கில்லை. ஆனால் அடுத்த வாரமும் அதே ஊசி, அதற்கடுத்த வாரமும் அதே ஊசி, இடையிடையே கடையில் வாங்கிய மாத்திரை என்று போவது பேராபத்து. ஒற்றைத் தலையிடியுள்ளவர் சாதாரண வலிமாத்திரைகளை மாதத்தில் 15 நாளோ அதற்கு மேலோ தொடர்ந்து உட்கொண்டால், வேறு சில வகை மருந்துகளாயின் 10 நாளோ அதற்கு மேலோ உட்கொண்டால், அம்மருந்தே தலையிடியைப் பெருக்கும் காரணமாகிவிடும். வலியைத் தீர்க்க விழுங்கியதே வலியை வளர்க்கிறது. இந்த ஒரு செய்தியை நோயாளிக்குக் கூறுவதற்கு ஒரு சதமும் செலவில்லை. எனக்கு அதைப் பத்தாண்டுகளாக எவரும் கூறவில்லை.

என் கதையை நீட்டி உரைக்க விரும்பவில்லை. வாதத்துக்கு வேண்டிய அளவே சொல்கிறேன். மாத்திரையும் ஊசியுமாய்ப் பத்தாண்டு கழிந்தபின், அக்கரைப்பற்றிலிருந்து இரவு பஸ் ஏறிக் கொழும்பிலே நரம்பியல் நிபுணரொருவரைக் கண்டேன். அவர் கேட்ட முதற் கேள்வி: "மாதத்தில் எத்தனை நாள் மாத்திரை போடுகிறீர்கள்?" நான் கணக்குப் பார்த்தேன், வெட்கமாக இருந்தது. அவர் முதலிலே அந்த மாத்திரைகளை நிறுத்தினார். நோய் வராமல் தடுக்கும் மாத்திரைகளை ஒன்றன்பின் ஒன்றாகத் தந்தார். புரொப்பனலோல் எனக்குத் தலைச்சுற்றைத் தந்தது. அமித்ரிப்டிலின் பாடவேளையிலே உறக்கத்தைத் தந்தது. ரொப்பிரமேற் சொற்களைப் பறித்தது. வேற்றுமை உருபுகளைக் கற்பித்துக்கொண்டிருக்கையில் நான்காம் வேற்றுமையின் உருபு நாவில் வராமல் மாணவர் முன் நின்றேன். பலருக்கு இம்மாத்திரைகளே போதுமானவை. எனக்குப் போதவில்லை. அதன் பின்னரே அவர் இரண்டாவது வகை ஊசியைப் பற்றிப் பேசினார்.

போட்டொக்ஸ் என்று விளம்பரங்களில் நாம் கேள்விப்படும் பொட்டுலினம் நச்சுதான் அது. நண்பர் இதனை முகச்சுருக்க மருந்து என்றார். வரலாறு வேறு விதமாகக் கூறுகின்றது. இந்நச்சைப் பற்றி முதன்முதலில் விரிவாக எழுதியவர் ஜேர்மனியின் யுஸ்டினஸ் கேர்னர். அவர் மருத்துவர், புகழ்பெற்ற கவிஞரும் ஆவார். கெட்டுப்போன இறைச்சியை உண்டு மக்கள் மடிவதைக் கண்டு 1820, 1822ஆம் ஆண்டுகளில் அவர் தம் ஆய்வுகளை வெளியிட்டார். இந்நச்சே ஒரு நாள் மருந்தாகவும் பயன்படலாம் என்று அப்பொழுதே ஊகித்தார். 1895இல் பெல்ஜியத்திலே ஒரு மரணவீட்டில் உண்டவர்கள் நஞ்சுற்றபோது அதற்குக் காரணமான கிருமியை வான் எர்மெங்கம் கண்டறிந்தார். பின்னர் அமெரிக்கக் கண் மருத்துவர் அலன் ஸ்கொட் மாறுகண்ணை அறுவையின்றிச் சீராக்க இதனைப் பயன்படுத்தினார். 1989இல் அமெரிக்க அரசு இதற்கு முதல் அனுமதி வழங்கியது மாறுகண்ணுக்கும் இமைத்துடிப்புக்குமே. முகச்சுருக்கத்துக்கு அனுமதி கிடைத்தது 2002இல். பதின்மூன்று ஆண்டுகளுக்குப் பின் வந்த பயன்பாட்டை வைத்து மருந்துக்குப் பெயர் சூட்டுவது, விளம்பரக்காரன் சொன்னதையே நாமும் திருப்பிச் சொல்வதாகும்.

நாட்பட்ட ஒற்றைத் தலையிடிக்கு அமெரிக்காவில் இதற்கு அனுமதி கிடைத்தது 2010ஆம் ஆண்டு ஒக்டோபரில். நெற்றி, பொட்டு, பிடரி, கழுத்து, தோள் ஆகியவற்றிலே 31 இடங்களில் சிறு ஊசிகளாக 155 அலகு மருந்து ஏற்றப்படும். 12 வாரத்துக்கொரு முறை திரும்பவும் ஏற்றவேண்டும். நரம்பு முனைகளிலிருந்து வலியைக் கடத்தும் பொருட்கள் வெளிப்படுவதை அது தடுக்கிறது. இது மந்திரமன்று. 1384 நோயாளரைக் கொண்ட இரு பெரும் ஆய்வுகளைச் சேர்த்துப் பார்க்கையில், மருந்து பெற்றோருக்கு மாதத்தில் சராசரி 8.4 தலையிடி நாட்கள் குறைந்தன. வெறும் உப்புநீர் ஊசி பெற்றோருக்கும் 6.6 நாட்கள் குறைந்தன. தலையிடி நாட்கள் பாதியாகவோ அதற்குக் கீழாகவோ குறைந்தவர்கள் மருந்துப் பிரிவில் 47 சதவீதம், உப்புநீர்ப் பிரிவில் 35 சதவீதம். வேறுபாடு பெரிதல்ல, ஆயினும் மெய்யானது.

என் அனுபவமும் அவ்வாறே. முதன்முறை ஏற்றியபின் கழுத்து நொந்தது. இடது இமை சில வாரம் சற்றே தாழ்ந்து நின்றது. மாதத்தில் இருபதாக இருந்த தலையிடி நாட்கள் இரண்டாம் முறைக்குப்பின் பன்னிரண்டாயின. அந்த எட்டு நாட்களின் பெறுமதியை இந்நோய் இல்லாதவர்க்கு விளக்குதல் கடினம். எட்டு நாட்கள் நான் சிந்திக்கக்கூடியவளாக இருந்தேன். மூன்றாம் முறைக்குப் போகவில்லை. ஒவ்வொரு முறையும் என் மாதச் சம்பளத்தையும் விஞ்சிய தொகை. கடன்பட்டுத்தான் இருமுறை போனேன். சில மாதத்தில் எண்ணிக்கை மீண்டும் ஏறத் தொடங்கியது.

இப்பொழுது நண்பரின் மூன்றாவது கருத்தை எடுத்துக்கொள்வோம். கம்பனிகளின் யோக்கியதை பற்றி அவர் ஐயுறுவதிலே தவறில்லை. 2010 செப்டெம்பரிலே, அதாவது தலையிடிக்கு அனுமதி கிடைப்பதற்கு ஒரு மாதத்துக்குச் சற்றே முன்னதாக, போட்டொக்ஸ் உற்பத்தியாளரான அலர்கன் கம்பனி அமெரிக்க அரசுடன் 60 கோடி டொலருக்கு உடன்பாடு செய்துகொண்டது. அனுமதி பெறாத பயன்பாடுகளுக்கு மருந்தைப் பரப்பியது தொடர்பான வழக்கிலே குற்றத்தை ஒப்புக்கொள்ளவும் இணங்கியது. அப்பயன்பாடுகளுள் தலையிடியும் ஒன்று. அடுத்த மாதம் அதே தலையிடிக்கே அனுமதியும் வந்தது. இதிலிருந்து நாம் பெறவேண்டிய முடிவு என்ன? கம்பனி சட்டத்தை மீறியது உண்மை. மருந்து ஓரளவு பயன்படுவதும் உண்மை. இரண்டையும் ஒருங்கே கண்டறியாதவன் பொருள்முதல்வாதி என்று தன்னைக் கூறிக்கொள்ளக் கூடாது. அரிசியைப் பதுக்கி விற்கும் வியாபாரியைக் கண்டிக்கிறோம். அதற்காகச் சோறு பசியைத் தீர்க்காது என்று கூறுகிறோமா?

இன்னும் புதிய ஊசிகளும் வந்துள்ளன. ஒற்றைத் தலையிடியின்போது ஒருவகைப் புரதப்பொருள் நரம்பிலிருந்து வெளிப்படுகிறது என்பதை 1990இல் பீற்றர் கோட்ஸ்பியும் லார்ஸ் எட்வின்சனும் காட்டினர். அந்த வழியில் ஆய்வு செய்த நால்வருக்கு 2021இல் டென்மார்க்கின் மூளை ஆய்வுப் பரிசு வழங்கப்பட்டது. அப்பொருளின் செயலைத் தடுக்கும் முதல் ஊசியான எரெனுமாப் 2018இல் அமெரிக்கச் சந்தைக்கு வந்தது. அப்போதைய விலை ஆண்டுக்கு 6,900 டொலர். பல்கலைக்கழகங்களிலும் வைத்தியசாலைகளிலும் பலர் பல்லாண்டு பாடுபட்டுத் தேடிய அறிவு இது. தம் உடலைச் சோதனைக்கு ஒப்படைத்த நோயாளரின் பங்கும் அதில் உண்டு. அறிவு சமுதாயத்தின் உழைப்பால் விளைந்தது. விலையோ கம்பனியின் கையில். நாம் எதிர்க்கவேண்டியது இந்த உறவையே. மருந்தை எதிர்த்தால், ஏழைக்கு அது வேண்டாம் என்று நாமே கையெழுத்திட்டுக் கொடுத்தவர்களாவோம்.

இடதுசாரிகளின் மரபு அப்படிப்பட்டதன்று. பேராசிரியர் சேனக்க பிபிலேயும் கம்யூனிஸ்ட் தலைவரான டாக்டர் எஸ். ஏ. விக்கிரமசிங்கவும் 1971இல் தந்த அறிக்கையை நினைவுகூர்வோம். மருந்து சொகுசு என்று அவர்கள் சொல்லவில்லை. தேவையான மருந்தைத் தேர்ந்தெடு. வியாபாரப் பெயரை விட்டு மருந்தின் பெயரால் வாங்கு. நாட்டுக்கு முழுவதுமாய்க் கேள்விப்பத்திரம் கோரி மலிவாக வாங்கு. மக்கள் அனைவருக்கும் கொடு என்றனர். அரச மருந்தாக்கற் கூட்டுத்தாபனம் அவ்வாண்டிலேயே உருவாயிற்று. பிபிலே அதன் முதற் தலைவரானார். அவர்கள் காட்டிய வழியை விட்டு நாடு எவ்வளவு தூரம் விலகிவிட்டது என்பதை 2022ஆம் ஆண்டின் மருந்துத் தட்டுப்பாடு காட்டிற்று. தரமற்ற இம்யூனோகுளோபுலின் ஊசிமருந்து வாங்கிய விவகாரத்திலே முன்னாள் சுகாதார அமைச்சர் ஒருவரே 2024 பெப்ரவரியில் கைதானமை இன்னுந் தெளிவாகக் காட்டிற்று.

அப்படியாயின் இன்றே எல்லோருக்கும் 31 ஊசி போடு என்று கோருகிறேனா? இல்லை. பிரித்தானியாவின் பொதுச் சுகாதார சேவையை உதாரணமாகக் கொள்வோம். 2012இல் அங்கே இந்த ஊசிக்கு வகுத்த நெறி இது: குறைந்தது மூன்று தடுப்பு மருந்துகள் பயனளிக்காதிருக்க வேண்டும், மாத்திரை மிகைப்பாவனை சரிசெய்யப்பட்டிருக்க வேண்டும், இருமுறை ஏற்றியும் தலையிடி நாட்கள் 30 சதவீதமாவது குறையாவிடின் நிறுத்தவேண்டும். பணப்பையைப் பார்த்துத் தீர்மானிக்காமல் நோயைப் பார்த்துத் தீர்மானிக்கும் முறை அது. அதே ஊசி அங்கே நோயாளியின் உரிமை. இங்கே வாங்கக்கூடியவரின் பாக்கியம்.

நாம் கோரவேண்டியவை எளியவை. வெளிநோயாளர் பிரிவிலே ஒற்றைத் தலையிடியை நோயென்று இனங்கண்டு பதிவுசெய்க. வலிமாத்திரையின் எல்லையைத் தமிழிலும் சிங்களத்திலும் எழுதி ஒவ்வொரு மருந்தகச் சுவரிலும் ஒட்டுக. உலகச் சுகாதார நிறுவனத்தின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலிலே ஒற்றைத் தலையிடித் தடுப்புக்கென இடம்பெற்றுள்ள புரொப்பனலோல் போன்ற மலிவான மாத்திரைகளைக் கரையோரக் கிராமங்கள்வரை தட்டுப்பாடின்றிக் கிடைக்கச் செய்க. இவையாவும் பயனளிக்காத சிலருக்கு, வகுத்த நெறிப்படி, அரசாங்க வைத்தியசாலையிலே அந்த ஊசியை இலவசமாகப் போடுக. நாட்கூலிப் பெண்ணுக்குச் சம்பளத்துடன் கூடிய சுகயீன விடுமுறை தருக.

ஆசிரிய நண்பர்களுக்கு ஒரு வார்த்தை. பதினொரு மணி வெயிலிலே மேசையில் தலைகவிழ்ந்து கிடக்கும் மாணவியை எழுப்பி நிறுத்துமுன் சற்றுப் பொறுங்கள். ஓர் அப்பியாசக் கொப்பியிலே நாட்காட்டி வரைந்து கொடுத்து, தலை இடித்த நாளையும் மாத்திரை போட்ட நாளையும் குறிக்கச் சொல்லுங்கள். எனக்குப் பத்தாண்டு பிந்திக் கேட்கப்பட்ட கேள்வி அவளுக்குப் பதின்மூன்று வயதிலேயே கேட்கப்படட்டும்.

என்னைப் பார்த்துச் சிரித்த நண்பருக்கும் ஒரு வார்த்தை. மேற்சொன்ன கோரிக்கைகளை எங்கள் சங்கத்தின் அடுத்த கூட்டத்திலே தீர்மானமாக நான் முன்மொழிய இருக்கிறேன். வழிமொழிய உங்களையே அழைக்கிறேன்.